சீலைப்பேன் கொடுத்த விடுப்பு

ஜே. ஆர். ஆர். டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' பிறந்த கதையைச் சொல்ல வருகிறவர்கள் பெரும்பாலும் ஆக்ஸ்ஃபோர்டில்தான் தொடங்குவார்கள். வியாழக்கிழமை இரவுகளில் சி. எஸ். லூயிஸின் அறையில் கூடிய நண்பர் குழாம், புகைக்குழாய், சூடான விவாதம், நடுவே டோல்கீன் தம் கையெழுத்துப் படியிலிருந்து வாசித்துக் காட்டும் புதிய அத்தியாயம். இச்சித்திரம் பொய்யன்று. ஆனால் அத்தொடரின் வேர் இருக்கும் இடம் வேறு. யார்க்ஷயரின் கிழக்குக் கடற்கரையை ஒட்டிய ரூஸ் என்னும் சிற்றூரின் அருகே, 1917ஆம் ஆண்டில், நோயிலிருந்து தேறிக்கொண்டிருந்த ஓர் இராணுவ அதிகாரியும் அவர் மனைவியும் சேர்ந்து கழித்த ஒரு விடுப்பு நாளில் அது இருக்கிறது. அந்த நாளைப் பற்றித்தான் நாம் இங்கே எழுத முற்படுகிறோம். அதற்குச் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டியுள்ளது.

டோல்கீனும் ஈடித் பிராட்டும் 1908இல் பர்மிங்காம் நகரில் ஒரே தங்கும் விடுதியில் குடியிருந்தவர்கள். இருவரும் பெற்றோரற்றவர்கள். அவருக்கு வயது 16, அவளுக்கு 19. பியானோ வாசிப்பில் தேர்ந்தவள் ஈடித். அடுத்த ஆண்டின் பின்பகுதியில் ஒரு நாள், எவருக்கும் தெரியாமல், தனித்தனியே மிதிவண்டியில் புறப்பட்டு ஊருக்கு வெளியே சந்தித்துக்கொண்டார்கள். குன்றுப் பக்கம் உலாவிவிட்டு, தெரிந்த ஒரு வீட்டில் தேநீர் அருந்தித் திரும்பினார்கள். அந்தத் தேநீர்தான் காட்டிக்கொடுத்தது. ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குப் போய், கடைசியில் டோல்கீனின் காப்பாளரான பாதிரியார் பிரான்சிஸ் மோர்கன் காதுக்குச் செய்தி எட்டியது. படிப்பைக் கெடுத்துக்கொள்ளும் பையனைக் கண்டு அவர் சினந்தார். இருபத்தொரு வயது நிறையும்வரை அவளைப் பார்க்கவோ அவளுக்கு எழுதவோ கூடாது என்பது தீர்ப்பு. (நம் ஊரில் அலர் தூற்றுவது என்பார்களே, அது தேசந்தோறும் உள்ள தொழில் போலும்.)

பையன் சொன்ன சொல்லைக் காத்தான். 1913 ஜனவரி 3ஆம் நாள் பிறக்கும் நள்ளிரவில் அவனுக்கு இருபத்தொரு வயது நிறைந்தது. அப்போதே உட்கார்ந்து ஈடித்துக்குக் கடிதம் எழுதினான். பதில் வந்தது: அவளுக்கு வேறொருவருடன் மண ஒப்பந்தம் ஆகிவிட்டது. ஐந்து நாள் கழித்து அவன் ரயிலேறி அவள் இருந்த செல்ட்னம் நகருக்குப் போனான். அன்று மாலைக்குள் அவள் மனம் மாறிற்று. மற்றவருக்கு மோதிரம் திரும்பிப் போயிற்று. ஆனாலும் திருமணம் 1916 மார்ச் 22இல்தான் நடந்தது. அதற்குள் உலகப்போர் வந்துவிட்டிருந்தது. மாப்பிள்ளை லங்காஷயர் ஃப்யூசிலியர்ஸ் படைப்பிரிவில் இளநிலை அதிகாரி.

தேனிலவு ஒரே ஒரு வாரம். கிளீவ்டன் என்ற கடற்கரை ஊரில் தங்கி, அங்கிருந்து செடர் பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக் குகைகளைப் பார்த்துவந்தார்கள். தொடரின் இரண்டாம் பாகத்தைப் படித்தவர்களுக்கு, ஹெல்ம்ஸ் டீப் கோட்டைக்குப் பின்னேயுள்ள ஒளிரும் குகைகளைக் கண்டு கிம்லி என்ற குள்ளன் சொக்கிப்போய்ப் பேசும் இடம் நினைவிருக்கும். அக்குகைகள் செடரில் கண்டவையே என்றும், 1940இல் மறுபடி போய்ப் பார்த்தபோதும் தேனிலவில் கண்ட பழைய நினைவே தம் எழுத்தில் ஓங்கி நின்றதென்றும் டோல்கீன் பின்னாளில் ஒரு கடிதத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார். படிக்கும்போது நமக்குத் தோன்றியதுண்டு: போர்க்களத்தின் நடுவே, பிணங்கள் இன்னும் அப்புறப்படுத்தப்படாத வேளையில், குகையின் அழகைப் பற்றி ஒருவன் இவ்வளவு நீளமாகவா பேசுவான்? தேனிலவுக் கணக்கு தெரிந்த பிறகு அந்த நீளத்தைப் பற்றி நாம் குறைகூறுவதில்லை.

அவ்வாண்டு ஜூன் தொடக்கத்தில் அவர் பிரான்சுக்குப் புறப்பட்டார். பிரியுமுன் இருவரும் ஓரிரவு தங்கிய பர்மிங்காம் 'பிளவ் அண்ட் ஹேரோ' விடுதியில் அதைக் குறிக்கும் நினைவுப் பலகை உண்டு. படைவீரர்கள் எந்த இடத்தில் இருக்கிறார்கள் என்பதைக் கடிதத்தில் எழுதத் தணிக்கை இடம்கொடாது. ஆகவே புள்ளிகளால் ஆன ஒரு சங்கேதத்தை டோல்கீன் வகுத்துக்கொண்டார். கடிதத்தில் உள்ள புள்ளிகளை வைத்து ஈடித் தன் சுவரில் மாட்டிய வரைபடத்தில் கணவன் இருக்கும் இடத்தைக் குறித்துக்கொள்வாள். பிற்காலத்தில் ஒரு கற்பனை உலகுக்கே மொழிகளும் எழுத்துகளும் படைத்தவர், அன்று படைத்த எழுத்துக்கு வாசகி ஒருத்திதான்.

சோம் போரைப் பற்றி விரித்தெழுத இது இடமன்று. முதல் நாளான ஜூலை 1 அன்றே டோல்கீனின் பள்ளித்தோழர் ராப் கில்சன் மாண்டார். இன்னொரு தோழரான ஜி. பி. ஸ்மித், குண்டுச் சிதறல் பட்ட காயத்தால் டிசம்பர் 3இல் இறந்தார். இடையே, அக்டோபர் இறுதியில், செய்தித்தொடர்பு அதிகாரியாகப் பதுங்குகுழிகளில் இருந்த டோல்கீனைக் காய்ச்சல் பற்றியது. பதுங்குகுழிக் காய்ச்சல் என்றே அதற்குப் பெயர். உடுப்பின் மடிப்புகளில் குடியிருக்கும் சீலைப்பேன் பரப்பும் நோய் அது. நான்கைந்து நாள் விட்டு விட்டுத் திரும்பும், காலெலும்பு குடையும், ஆளை அவ்வளவு எளிதில் கொல்லாது, அவ்வளவு எளிதில் விடவும் விடாது. நவம்பரில் அவர் கப்பலில் தாய்நாட்டுக்கு அனுப்பப்பட்டார். அதன்பின் போர் முடியும்வரை மருத்துவக் குழுவின் முன் நிற்பதும், தகுதியற்றவர் எனத் திருப்பப்படுவதும், கொஞ்சம் தேறியதும் உள்நாட்டுக் காவல்பணிக்கு அனுப்பப்படுவதும், மறுபடி விழுவதுமாகக் காலம் கழிந்தது. அவர் பிரான்சில் விட்டுவந்த பட்டாலியன் 1918 மே மாதம் ஏன் ஆற்றங்கரையில் ஏறக்குறைய முழுவதுமாக அழிந்தது, எஞ்சியோர் சிறைப்பட்டனர். ஒரு சீலைப்பேன் கடிக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஊகிப்பது வரலாற்று மாணவனுக்கு அழகல்ல என்பர். ஆயினும் ஊகிக்காமல் இருக்க முடியவில்லை.

1917 ஏப்ரலில் அவருக்கு ஹம்பர் ஆற்று முகத்துவாரத்தைக் காக்கும் படையில் பணி கிடைத்தது. கடலும் சேறும் காற்றும் நிறைந்த ஹோல்டர்னெஸ் நிலப்பகுதி. ஈடித்தும் பின்தொடர்ந்து வந்து முகாமுக்கு அருகே வாடகைக்கு அறையெடுத்துத் தங்கினாள். ரூஸ் அருகிலிருந்த ஒரு காவல்முனைக்குச் சிறிது காலம் டோல்கீன் பொறுப்பாளர். விடுப்புக் கிடைக்கும் நாள்களில் இருவரும் நடக்கப்போவார்கள். அப்படி ஒருநாள் சிறு தோப்பொன்றில், இடுப்பளவு வளர்ந்து வெள்ளைக் குடைகளாய்ப் பூத்திருந்த செடிகளின் நடுவே ஈடித் அவருக்காகப் பாடினாள், ஆடினாள்.

நடந்தது இவ்வளவே. ஹெம்லாக் என்று டோல்கீன் எழுதியிருப்பது நஞ்சுச் செடியான உண்மை ஹெம்லாக்காக இராது, குடைபோல் பூக்கும் அவ்வகைச் செடிகளையெல்லாம் அவர் பொதுவாக அப்பெயரால் அழைப்பவர் என்பது ஆய்வாளர் கருத்து. நமக்குக் கண்ணால் காணவேண்டுமானால், கொல்லையில் அறுக்காமல் விட்ட கொத்தமல்லி பூத்து நிற்பதை நினைத்துக்கொள்ளலாம், அதே குடும்பந்தான். ஊர்த் தேவாலயத்தை ஒட்டியுள்ள டென்ட்ஸ் கார்த் என்ற தோப்பே அந்த இடம் என்று இன்று கருதுகிறார்கள்.

அவ்வாண்டிலேயே டோல்கீன் 'தினூவியெல் கதை'யை எழுதினார். காட்டில் வழிதவறித் திரியும் பெரென், நிலவொளியில் வெண்பூக்களிடையே ஆடும் தினூவியெலைக் காண்கிறான். அவளுடைய இன்னொரு பெயர் லூதியென். அவளை மணக்கவேண்டுமானால் இருளின் அரசனுடைய முடியிலிருந்து ஒரு மணியைப் பெயர்த்துக்கொண்டு வா என்கிறான் அவள் தந்தை. பையன் இருபத்தொரு வயதுவரை காத்திருக்க நேர்ந்ததை நாம் முன்பே பார்த்தோம். காப்பாளர்கள் எல்லா உலகத்திலும் காப்பாளர்களே. முதலில் பென்சிலால் எழுதிய படியை அவர் பிறகு அழித்து, அதன்மேலேயே மையால் புதிதாக எழுதினார். பிற்காலத்தில் சாவ்ரான் என்ற கொடியவன் ஏற்கும் இடத்தை அந்தப் பழைய படியில் டெவில்டோ என்னும் பூனைகளின் அரசன் வகிக்கிறான் என்பது பலருக்கு வியப்பளிக்கும். உலகையே நடுங்கவைக்கும் சாவ்ரானின் முன்னோன் ஒரு கடுவன் பூனை!

அக்கதையை அவர் வாழ்நாள் முழுதும் விடவில்லை. 1925 முதல் 1931 வரை நாலாயிரம் அடிகளுக்கு மேல் செய்யுளாகப் பாடி, முடிக்காமல் நிறுத்தினார். 1954 ஜூலையில் வெளிவந்த 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' முதற்பாகத்தில், பகைவர் சூழ்ந்த இரவில், அச்சத்தைப் போக்க அரகார்ன் தன் தோழர்களுக்குச் சொல்லும் பழங்கதை இதுவே. அரகார்னும் ஆர்வெனும் கொள்ளும் காதல் பெரென் லூதியென் காதலின் மறுபிறப்பு. ரூஸ் தோப்பில் ஆடிய அந்தச் சில நிமிடங்களை எடுத்துவிட்டால், தொடரின் நடுத்தூண் ஒன்று பெயர்ந்துவிடும்.

இங்கே விடுப்பு என்ற சொல்லைச் சற்று நின்று பார்க்கவேண்டும். 1917இல் முகாமை விட்டு ஒரு வீரன் வெளியே நடந்தால் அது இரண்டில் ஒன்று. கையில் சீட்டு இருந்தால் விடுப்பு, இல்லாவிட்டால் ஓடிப்போதல். ஓடிப்போனதற்காகவும் கோழைமைக்காகவும் அவைபோன்ற குற்றங்களுக்காகவும் அந்தப் போரில் சொந்த இராணுவத்தாலேயே சுட்டுக்கொல்லப்பட்ட பிரிட்டிஷ் தரப்பு வீரர்கள் 306 பேர். 2006இல்தான் அவர்களுக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது. மாயக்கதைகள் வாழ்க்கையிலிருந்து தப்பி ஓடுவோருக்கானவை என்ற பழிக்கு டோல்கீன் 1939இல் ஆற்றிய ஓர் உரையில் விடையளித்தபோது, சிறைப்பட்டவன் வீடு திரும்ப நினைப்பதையும் படையைவிட்டு ஓடுபவனின் ஓட்டத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள் என்றார். இலக்கிய விவாதத்தில் இதை ஒரு நயமான உவமையாக மேற்கோள் காட்டிவிட்டுப் போய்விடுகிறோம். அந்த வேறுபாடு உயிர்போகும் வேறுபாடாக இருந்த முகாமில் வாழ்ந்தவர் சொன்ன சொல் அது என்பதை மறந்துவிடுகிறோம்.

எங்கள் வீட்டுச் செய்தி ஒன்றை இவ்விடத்தில் சொல்லலாம். எங்களில் ஒருவர் கல்லூரி ஆசிரியர். மற்றவர் மருத்துவமனையில் செவிலியர். ஒருவருக்குப் பகல் என்றால் மற்றவருக்கு இரவுப்பணி. ஞாயிற்றுக்கிழமை ஒருவருக்கு ஓய்வு, மற்றவருக்கு வார்டு. வாரவிடுமுறை வேறு, சேர்ந்த விடுமுறை வேறு என்பதை மணமான முதலாண்டிலேயே கற்றுக்கொண்டோம். அண்மையில் அபூர்வமாக ஒரு முழுநாள் இருவருக்கும் வாய்த்தது. எங்கும் போவதில்லை, பீட்டர் ஜாக்சனின் மூன்று படங்களையும் விரிவாக்கப்பட்ட வடிவில் பார்ப்பது என்று முடிவுசெய்தோம். மூன்றும் சேர்ந்தால் பதினொரு மணிநேரத்துக்கு மேல். எட்டு மணிநேர வேலை, எட்டு மணிநேரப் பொழுதுபோக்கு, எட்டு மணிநேர உறக்கம் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் ராபர்ட் ஓவன் வகுத்த கணக்கில் இது அடங்காது. ஆகவே மதியச் சமையலைக் காலையிலேயே முடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். எலுமிச்சைச் சாதம், அப்பளம். தட்டோடு கூடத்துக்கு வந்துவிட்டோம்.

முதற்படத்தின் விரிந்த வடிவில் மட்டும் ஒரு சிறு காட்சி உண்டு. சதுப்புநிலத்தில் இரவு, எல்லாரும் உறங்க, அரகார்ன் தனக்குள் மெல்லப் பாடிக்கொண்டிருக்கிறான். யாரைப் பற்றிய பாட்டு என்று விழித்திருந்த ஃப்ரோடோ கேட்கிறான். லூதியெனைப் பற்றியது. திரையரங்குகளில் 2001இல் ஓடிய படத்தில் இக்காட்சி இல்லை. நேரம் போதாமல் வெட்டப்பட்டது போலும். ரூஸ் தோப்புக் கதையை அப்போதுதான் நாங்கள் பேசிக்கொண்டோம். காய்ச்சல், மருத்துவக் குழு, விடுப்பு, ஆடல் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, எங்களில் செவிலியராக இருப்பவர் கேட்டார்:

"காய்ச்சல்காரருக்கு லீவு கிடைச்சுது. சரி. அந்தம்மாவுக்கு யாரு லீவு குடுத்தாங்க?"

படத்தை நிறுத்திவிட்டோம். மூன்றாம் படத்தை அன்று தொடவேயில்லை. இக்கட்டுரை அக்கேள்வியிலிருந்து வந்ததுதான்.

வாழ்க்கை வரலாறுகளைத் திரும்பப் புரட்டினால் கணக்கு வேறாகத் தெரிகிறது. ஈடித்தின் முதல் மகன் ஜான் பிறந்தது 1917 நவம்பர் 16. அப்படியானால் அவ்வாண்டுக் கோடையில், பூக்களிடையே ஆடியபோது, அவள் கருவுற்றிருந்தாள். தோப்பை எழுதுவோர் பலர் இதைச் சேர்த்து எழுதுவதில்லை. கணவர் இருக்கும் முகாமெல்லாம் பின்தொடர்ந்து, ஒரு வாடகை அறையிலிருந்து இன்னொன்றுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்த காலம். ஆகஸ்டில் அவர் மறுபடி நோயில் விழுந்து ஹல் நகர மருத்துவமனைக்குப் போனார். பேற்றுக்காக அவள் செல்ட்னம் திரும்பினாள். கடினமான பேறு, உயிருக்கே ஆபத்து இருந்தது. தந்தையாகிவிட்ட அதிகாரிக்கு உடனே வர அனுமதி கிடைக்கவில்லை; ஏறத்தாழ ஒருவாரம் கழித்தே வந்து சேர்ந்தார். மறு ஆண்டு அவர் மீண்டும் மருத்துவமனையில் படுத்தபோது ஈடித் எழுதிய கடிதத்தில் ஒரு குத்தல் இருக்கிறது: பிரான்சிலிருந்து வந்ததுமுதல் நீங்கள் படுக்கையிலேயே கழித்த காலத்துக்கு, இனி உங்களுக்குக் களைப்பே வரக்கூடாது என்ற பொருளில். கைக்குழந்தையோடு விழித்திருந்தவளின் நகைச்சுவை. பாசறைக்குப் போன தலைவனை நினைத்துக் காத்திருக்கும் தலைவியை முல்லைத்திணையில் படித்துப் பாடம் நடத்துகிறோம். அவள் இப்படி ஒரு கடிதம் எழுதியிருந்தால் உரையாசிரியர்கள் அதை எந்தத் துறையில் அடக்கியிருப்பார்களோ!

ஆக்ஸ்ஃபோர்டு வாழ்க்கை அவளுக்கு உவக்கவில்லை. பேராசிரியர்களின் மனைவியரோடு அவளுக்கு ஒட்டவில்லை, ஒதுங்கியே வாழ்ந்தாள். மாலைப்பொழுதுகள் கணவரின் நண்பர்களுக்குப் போயின. கோடை விடுமுறைகளை விடைத்தாள்கள் தின்றன. குடும்பச் செலவுக்காகப் பள்ளித் தேர்வுத் தாள்களைத் திருத்தும் வேலையை அவர் ஏற்றுக்கொண்டிருந்தார். அப்படித் திருத்தும்போது மாணவர் ஒருவர் வெற்றாக விட்டிருந்த ஒரு பக்கத்தில்தான் 'ஹாபிட்' நாவலின் முதல் வாக்கியம் எழுதப்பட்டது. இச்செய்தியைப் படித்த எந்த ஆசிரியரும் அடுத்த திருத்தல் முகாமில் வெற்றுப்பக்கத்தைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும். எங்களுக்கு மாறிற்று, பயனேதும் விளையவில்லை என்றாலும். நாவல் 1937 செப்டம்பரில் வெளிவந்தது. டிசம்பரில் அதன் தொடர்ச்சியைத் தொடங்கியவர் முடிக்கப் பன்னிரண்டு ஆண்டுகள் எடுத்துக்கொண்டார். இடையே 1944இல், விமானப்படைப் பயிற்சிக்காகத் தென்னாப்பிரிக்காவில் இருந்த மகன் கிறிஸ்டஃபருக்கு அத்தியாயங்களை ஒவ்வொன்றாக அஞ்சலில் அனுப்பினார். அச்சேறுவதற்குப் பத்தாண்டுகள் முன்பே அது ஒருவருக்கு மட்டும் தொடராக வெளிவந்துவிட்டது. இம்முறையும் பெற்றவர் போர்ச்சேவையில் இருந்தவர்.

1968இல் டோல்கீன் ஒரு காரியம் செய்தார். தமக்குப் பழகிய நூலகம், நண்பர்கள், கல்லூரி அனைத்தையும் விட்டு, தென்கடற்கரையில் போர்ன்மத் நகரை அடுத்து வீடு வாங்கிக் குடிபோனார். அங்குள்ள மிராமர் ஓட்டலில் விடுமுறைக்குத் தங்கிப் பழகிய ஈடித்துக்கு அவ்வூர் பிடித்துப்போயிருந்தது. அங்கே அவளுக்குத் தோழிகள் இருந்தார்கள். அவருக்கோ பேசிக்கொள்ள ஆளில்லை. இலக்கிய வாசகர்கள் சிலர் இதைப் பெரிய இழப்பாக எழுதுகிறார்கள்: 'சில்மரில்லியன்' முடிவுறாமல் போனதே என்று. எங்கள் கணக்கில் அந்த மூன்றாண்டுகள் ஈடித்துக்கு வரவேண்டியிருந்த பாக்கி. 1971 நவம்பர் 29இல் அவர் காலமானார், வயது 82. ஆக்ஸ்ஃபோர்டின் வடக்கே உல்வர்கோட் கல்லறையில் அவர் பெயருக்குக் கீழே லூதியென் என்று பொறிக்கச் செய்தார் கணவர். ரூஸ் தோப்பைப் பற்றி 1972இல் கிறிஸ்டஃபருக்கு அவர் எழுதிய கடிதம் அந்தப் பொறிப்புக்கு விளக்கமாகவே எழுதப்பட்டது. 1973 செப்டம்பரில் அவரும் இறந்தபின் அவர் பெயருக்குக் கீழே பெரென் என்ற பெயர் சேர்ந்தது. கிறிஸ்டஃபர் தொகுத்த 'பெரென் அண்ட் லூதியென்' 2017இல் வெளியானது. தோப்பில் ஆடிய ஆண்டிலிருந்து சரியாக நூறாண்டு.

இன்னொரு செய்தியை நாம் விட்டுவிட்டோம். ரூஸுக்குப் போவதற்குச் சில மாதங்கள் முன்பு, காய்ச்சல்காரர் கிரேட் ஹேவுட் என்ற ஊரில் மனைவியோடு தங்கி உடல் தேறிக்கொண்டிருந்தபோது, தொலைந்துபோன பழங்கதைகளை யாரோ ஒரு பயணி கேட்டறிவதாக ஒரு தொடரைத் தொடங்கினார். அதன் முதற்பகுதியின் பெயர் 'தொலைந்த விளையாட்டின் குடில்' என்று பொருள்படும். அது ஒரு பள்ளிக்கூட நோட்டில் இருக்கிறது. அட்டையில் 1917 பிப்ரவரி 12 என்ற தேதி. 1983இல் அதைப் பதிப்பித்த கிறிஸ்டஃபர் குறிப்பிடும்படி, நோட்டில் உள்ள கையெழுத்து ஈடித்துடையது.